ஒரே தோட்டத்துக் காப்பி: பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில் ஒரு சந்துக்குள் சின்ன வறுவல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு காப்பிக்கொட்டை வறுத்து விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மேசை போட்டால் வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள், கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கூட்டத்துக்கு நடுவில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை, அதனால் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

சிங்கிள் ஆரிஜின் என்றால் என்னங்க?

ஒரே இடத்தில் விளைந்த காப்பி, வேறு ஊர்க் கொட்டையோடு கலக்காதது. அவ்வளவுதான். ஆனால் அந்த "இடம்" எவ்வளவு பெரியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பொட்டலத்தில் "பிரேசில்" என்று மட்டும் போட்டிருந்தாலும் அதைச் சிங்கிள் ஆரிஜின் என்றுதான் விற்பார்கள், அவ்வளவு பெரிய நாட்டையே ஒரு இடமாகக் கணக்கு வைத்து. எனக்கு அது போதாது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் அல்லது கூட்டுறவுச் சங்கம், எந்த வருட அறுவடை, பழத்தை எப்படிப் பதப்படுத்தினார்கள், இத்தனையும் தெரிந்தால்தான் நான் மூட்டையை வாங்குவேன்.

அதே சமயம் எல்லா நாட்டிலும் ஒரே தோட்டத்தின் பெயரைக் கேட்டு அடம்பிடிக்கவும் கூடாது. பிரேசிலில் ஒரே பண்ணை நூற்றுக்கணக்கான ஹெக்டேர் இருக்கும். எத்தியோப்பியாவில் ஒரு குடும்பத்துக்கு வீட்டைச் சுற்றி அரை ஹெக்டேர் இருந்தால் அதிகம், அதில் பறித்த பழத்தைக் கூடையில் சுமந்துகொண்டு போய்ப் பக்கத்துக் கழுவு நிலையத்தில் எடை போட்டுக் கொடுப்பார்கள். ஆகவே பொட்டலத்தில் வருவது அந்த நிலையத்தின் பெயர், அதற்குள் பல நூறு குடும்பங்களின் பழம். கென்யாவில் அந்தக் கழுவு நிலையத்துக்கு "ஃபேக்டரி" என்று பெயர், லேபிளில் அந்த வார்த்தையைப் பார்த்து ஏதோ பெரிய ஆலையில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்பெஷால்டி காப்பி என்று யார் முடிவு பண்ணுவது?

1974-இல் எர்னா நட்சன் என்ற அமெரிக்கக் காப்பி வியாபாரி ஒரு வணிக இதழில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், குறிப்பிட்ட மண்ணும் தட்பவெப்பமும் தனி ருசி கொடுக்கிற காப்பி என்ற பொருளில். பிறகு அதற்கு அளவுகோல் வந்தது. 350 கிராம் பச்சைக் கொட்டையைக் கொட்டிப் பரப்பிப் பார்ப்பார்கள்: முழுக் கருப்பு, முழுப் புளிப்பு மாதிரியான பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது, சின்னக் குறைகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் வறுத்து அரைத்து, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, நாலு நிமிஷம் கழித்து மேலே கட்டியிருக்கும் ஆடையைக் கரண்டியால் உடைத்து மோந்து பார்த்து, உறிஞ்சிக் குடித்து மதிப்பெண் போடுவார்கள். நூற்றுக்கு 80 வந்தால் ஸ்பெஷால்டி.

எங்கள் வீட்டில் பச்சைக் கொட்டை பொறுக்குவது அம்மா. அவருக்கு இந்த மதிப்பெண் எல்லாம் தெரியாது. முறத்தில் ஒரு கை அள்ளிப் போட்டு, அரிசியில் கல் பொறுக்குகிற அதே வேகத்தில் வண்டு துளைத்தது, உடைந்தது, சுருங்கியது எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். வறுத்த பிறகும் ஒரு தடவை பொறுக்குவார், ஏனென்றால் பழுக்காத பழத்தின் கொட்டை பச்சையாக இருக்கும்போது சட்டென்று கண்ணில் படாது, வறுத்த பிறகுதான் மற்றதெல்லாம் சிவக்க, அது மட்டும் வெளிறி நிற்கும். அப்படி ஒரு பத்து கொட்டை உள்ளே போனாலே காப்பியில் வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒரு காய்ந்த ருசி வந்துவிடும்.

அப்போ காப்பிக்கடையில் குடிக்கிற காப்பி ஓ மட்டமானதா?

இல்லவே இல்லை, காலையில் பசியாறும்போது நானே அதைத்தான் குடிக்கிறேன். அது வேறு கைப்பக்குவம். ரோபஸ்டா அல்லது லிபெரிக்கா என்ற இனத்துக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருகருவென்று வறுத்து, துணிப்பையில் வடித்து, பாலில்லாமல் சீனி போட்டுக் கொடுப்பார்கள். அங்கே ருசியின் பெரும்பகுதி வறுப்பவருடையது, கருகின சீனியுடையது. ஒரே தோட்டத்துக் காப்பியில் எதையும் சேர்ப்பதில்லை, வறுவலையும் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறோம், தோட்டத்தின் ருசி மேலே தெரியட்டும் என்று.

குடித்துப் பார்த்தேன், புளிக்கிறது. கெட்டுப் போச்சா?

இது எனக்கு வாராவாரம் வருகிற கேள்வி. ஒரு பெரியவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "தம்பி, பால் ஏதும் திரிஞ்சு போச்சா பாரு" என்றார், அதில் பாலே இல்லை. காப்பி என்பது ஒரு பழத்தின் விதை, அதில் எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலமும் உண்டு. கருக வறுத்தால் அவை அழிந்து கசப்பு மேலே வரும், மிதமாக வறுத்தால் நிற்கும். நல்ல புளிப்பு என்றால் நாரத்தை, பழுத்த மாம்பழம் மாதிரி நாக்கில் பட்டு இனிப்பில் முடிய வேண்டும். தொண்டையைக் கவ்வி, புளித்த மாவு மாதிரி நிற்கிறதென்றால் அது வேறு: கொட்டை சரியாக வேகவில்லை, அல்லது தூள் ரொம்பக் கொரகொரப்பு, அல்லது தண்ணீர் சூடு போதவில்லை. அந்தப் புளிப்பை "இது ஸ்பெஷால்டி, இப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாஷ்ட், நேச்சுரல், ஹனி என்று எழுதியிருக்கிறதே?

பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்த விதம் அது, ருசியில் பாதி இங்கேதான் முடிவாகிறது.

வாஷ்ட் என்றால் பறித்த அன்றே தோலை உரித்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பைத் தொட்டியில் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம் நொதிக்க விட்டு, கழுவிக் காயவைப்பது. காப்பி தெளிவாக இருக்கும். நேச்சுரல் என்றால் பழத்தை அப்படியே முழுசாக வெயிலில் மூன்று நாலு வாரம் காயப்போடுவது, நாம் வற்றல் போடுகிற மாதிரி. திராட்சை, பலாச்சுளை வாசமெல்லாம் இதில் வரும், ஆனால் ஒரு நாள் புரட்டாமல் விட்டால், ஒரு மழையில் நனைந்தால், பூஞ்சை பிடித்து மொத்தமும் போச்சு. ஹனி என்ற பெயரில் தேன் எதுவும் கிடையாது, தோலை மட்டும் உரித்துவிட்டு அந்தப் பிசினோடு காயவைப்பதால் வந்த பெயர்.

நாலாவதாக ஒன்று நமக்குப் பக்கத்தில், ஜலசந்திக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் இருக்கிறது: கிலிங் பாசா. மற்ற ஊர்களில் கொட்டையில் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் மேல்தோலை உடைப்பார்கள். சுமத்ராவில் மழை விடாது, அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, அதனால் பாதி ஈரத்திலேயே உடைத்துவிட்டு, உரித்த கொட்டையைத் திரும்பக் காயவைக்கிறார்கள். காயோ, மண்டைலிங் காப்பிகளில் வரும் அந்த மண்வாசனை, ஏலம் கிராம்பு மாதிரியான கனம், புளிப்புக் குறைவு எல்லாவற்றுக்கும் இதுதான் பெரிய காரணம். வானிலைக்குப் பயந்து செய்த ஒரு வேலை ஒரு தீவின் ருசியாகவே ஆகிவிட்டது, எனக்கு இதைச் சொல்லி அலுக்காது.

எந்த நாட்டுக் காப்பி எப்படி இருக்கும்?

எத்தியோப்பியாவின் யெர்கசெஃபே, மல்லிகை வாசமும் எலுமிச்சைத் தோலும், தேநீர் மாதிரி லேசாக இருக்கும். கென்யாவின் நியேரி, கிரின்யாகா பக்கத்துக் காப்பியில் புளிப்பு எடுப்பாக நிற்கும், அங்கே எஸ்எல் 28, எஸ்எல் 34 என்ற ரகங்கள் ரொம்பப் பெயர் பெற்றவை. (கென்யா "ஏஏ" என்பது கொட்டையின் அளவு மட்டுமே, ருசிக்குக் கொடுத்த பட்டம் என்று நினைத்து அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.) கொலம்பியாவின் ஊய்லா நடுத்தரமாக, கருப்பட்டி இனிப்போடு இருக்கும். பிரேசில், வறுத்த கடலையும் சாக்லேட்டும். பனாமா கேய்ஷா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்: எத்தியோப்பியாவில் பிறந்த ரகம், பல நாடு சுற்றி பனாமாவுக்கு வந்து, கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 2004-இல் போக்கேத்தே மலைப்பகுதியில் உள்ள ஹசியெண்டா லா எஸ்மரால்டா அதைத் தனியாகப் பிரித்துப் போட்டியில் வைத்தபோது ஏலத்தில் பவுண்டு 21 டாலருக்குப் போனது, அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத விலை. அருமையான காப்பிதான். அதை முதல் காப்பியாக வாங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை, ஒப்பிட்டுப் பார்க்க நாக்குக்கு நாலு காப்பியாவது பழகியிருக்க வேண்டும்.

உயரம் 1,800 மீட்டர் என்றெல்லாம் ஏன் போடுகிறார்கள்?

குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகி ருசி ஏறும். பினாங்கு மலை 833 மீட்டர்தான், கேமரன் மலை ஏறக்குறைய 1,500. உயரத்தில் செழிக்கும் அராபிக்கா (மேலே நாடு நாடாகச் சொன்ன காப்பிகள் இந்த இனம்தான்) நம் நாட்டில் ஏன் பரவவில்லை என்பதற்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

மலேசியாவில் நல்ல காப்பி விளைகிறதா?

விளைகிறது. நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்.

நம் ரகம் லிபெரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது, தாழ்நிலத்தில், வெக்கையில், ஜொகூரின் கரிமண்ணில்கூட வளரும். பத்து பகாட், குளுவாங், சிலாங்கூரில் பந்திங் பக்கம் போனால் பார்க்கலாம். மரம் விட்டால் மாடி உயரத்துக்குப் போகும், இலை நம் கையைவிடப் பெரிது. பத்து பகாட்டில் ஒரு மலாய்ப் பெரியவரின் (பாச்சிக்) தோட்டத்துக்குப் போயிருந்தபோது, அவர் ஒரு பழத்தைப் பறித்து என் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். அராபிக்கா பழத்தை இரண்டு விரலால் அமுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இது அசையவே இல்லை. தோல் அத்தனை தடிமன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துக் கீறித்தான் திறந்தார், உள்ளே கொழகொழவென்று பிசின், அதற்குள் ஒரு பக்கம் கோணின பெரிய கொட்டை, கையை இரண்டு தடவை கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை. காயப்போட்டிருந்த தளத்துப் பக்கம் போனதும் பலாப்பழம் அறுத்து வைத்த வீட்டு வாசம்.

அந்தத் தடித்த தோலுக்காகவே பலர் இதைக் கைவிட்டார்கள். சாதாரண உரிக்கும் இயந்திரத்தில் நிற்காது, பழத்தின் எடைக்குக் கொட்டையும் குறைவு, பறிக்க ஏணி வேண்டும். பல காலம் எல்லாப் பழத்தையும், பச்சையும் பழுத்ததும் சேர்த்து உருவி, காயவைத்து, சீனி போட்டுக் கருக வறுத்துவிட்டதால், அதன் உண்மையான ருசி நமக்கே தெரியாமல் போனது. பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பக்குவமாகக் காயவைத்தால் பலா, கரும்புச்சாறு, கொஞ்சம் புகையிலை வாசம், புளிப்பு மிகக் குறைவு. பால் காப்பி குடித்து வளர்ந்த நாக்குக்கு எத்தியோப்பியாவைவிட இதுதான் சீக்கிரம் பிடிக்கிறது, சந்தையில் பல தடவை பார்த்துவிட்டேன்.

இதில் நமக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் வந்தது, அடுத்த இருபது வருடத்தில் கண்டி மலைகளில் காப்பி கிட்டத்தட்ட அழிந்து தேயிலை வந்தது. அங்கிருந்த துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து லிபெரிக்கா நட்டார்கள். 1890-களில் சிலாங்கூரில் காப்பிதான் பெரிய தோட்டப்பயிர், அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பிறகு பிரேசில் அளவுக்கு மீறி விளைவித்து விலை சரிந்ததும், பூச்சித் தொல்லையும் சேர, துரைமார்கள் ரப்பருக்கு மாறினார்கள். ரப்பர் பால் வெட்டிய கதை நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதற்கு முன்னால் நம் ஆட்கள் காப்பி பறித்தார்கள் என்பது பல பேருக்குத் தெரியாது. அந்த மூட்டைகளில் பறித்தவர் ஊர் பேர் எதுவும் கிடையாது. நான் பொட்டலத்தில் விவசாயியின் ஊரை, அவர் சம்மதித்தால் பெயரையும், பெரிதாக அச்சடிப்பது இதற்காகத்தான்.

இந்தியக் காப்பி, அதுவும் தமிழ்நாட்டுக் காப்பி, இந்த வரிசையில் வருமா?

தாராளமாக. 17-ஆம் நூற்றாண்டில் பாபா புதன் ஏமனிலிருந்து ஏழு விதை கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. தமிழ்நாட்டில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். நீலகிரியிலும் கொடைக்கானலுக்குக் கீழே பழனி மலைச்சரிவிலும், சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடி படர, அதற்குக் கீழே காப்பி நிற்கும். ஊரில் காப்பித்தூள் கடையில் "பிளான்டேஷன் ஏ" என்று கேட்டு வாங்குவோமே, அது கழுவிப் பதப்படுத்திய அராபிக்காவுக்கான தரப்பெயர்.

எனக்குப் பிடித்தது எஸ் 795 என்ற ரகம். 1940-களில் இந்தியாவில் விவசாயிகளுக்குப் பயிரிடக் கொடுத்தது, அதன் பாட்டன் வழியில் லிபெரிக்கா ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது, இலைத்துருவைத் தாங்கட்டும் என்றுதான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். சிக்கரி கலக்காமல் பித்தளை பில்டரில் போட்டுக் குடித்துப் பாருங்கள்.

பீபரி தனி ரகமா?

இல்லை. பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே கொட்டை உருண்டையாக வளர்ந்தால் அது பீபரி. எந்த மரத்திலும் வரும்.

லுவாக் காப்பி இருக்கிறதா?

விற்பதில்லை. மரநாய் தின்ற பழத்தின் கொட்டையை அதன் எச்சத்திலிருந்து எடுத்துச் செய்வது அது. மரநாய்களைக் கூண்டில் அடைத்துப் பழம் தின்னக் கொடுத்துச் செய்கிற இடங்கள் நிறைய, காட்டில் பொறுக்கியது என்று சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை.

200 கிராம் 52 வெள்ளியா (ரிங்கிட்)? ஏன் இந்த விலை? விவசாயிக்குப் போகிறதா?

முதலில் கணக்கு. ஒரு கோப்பைக்கு 15 கிராம், ஒரு பொட்டலத்தில் 13 கோப்பை, ஆக ஒரு கோப்பை 4 வெள்ளி. காப்பி ஓ-வைவிட அதிகம்தான், கஃபேயில் இதே காப்பிக்குக் கொடுப்பதைவிட ரொம்பக் குறைவு.

அடுத்தது உழைப்பு. ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ அராபிக்கா பழம் வேண்டும், ஒரே கிளையில் ஒன்று பச்சை ஒன்று சிவப்பு என்று நிற்பதால் பழுத்ததை மட்டும் எடுக்க அதே மரத்துக்கு மூன்று நாலு தடவை போக வேண்டும், வறுக்கும்போது எடையில் இன்னொரு 15 சதவீதம் போய்விடும்.

விவசாயிக்குப் போகிறதா என்பதுதான் சரியான கேள்வி, அதைக் கேட்கிறவர்கள் குறைவு. சாதாரண அராபிக்காவின் விலையை நியூயார்க் சந்தை தீர்மானிக்கிறது. 2019-இல் அது பவுண்டுக்கு 1 டாலருக்கும் கீழே விழுந்தது, பல ஊர்களில் பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாத விலை. பிரேசிலில் கடும் வறட்சி வந்த பிறகு 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. மரம் அதே மரம், உழைப்பு அதே உழைப்பு. ஒரு தோட்டத்தோடு நேரடியாகப் பேசி, அதன் தரத்துக்கு விலை வைத்து வாங்கும்போது இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து அவர்களுக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கிறது. கடைக்காரரிடம் "தோட்டத்துக்கு என்ன விலை கொடுத்தீர்கள்" என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள், ரசீதைக் காட்டுகிறேன்.

வீட்டில் மெஷின் இல்லை, எப்படிப் போடுவது?

மெஷின் வேண்டாம். கூம்பு வடிகட்டி, தாள், ஒரு சின்னத் தராசு. 15 கிராம் தூள், 240 மில்லி தண்ணீர், கொதித்து இறக்கி அரை நிமிஷம் விட்டது. முதலில் தூள் நனைகிற அளவு ஊற்றி அரை நிமிஷம் காத்திருங்கள், புதுக்காப்பி என்றால் தோசை மாவு மாதிரி பொங்கும். அப்புறம் மிச்சத்தை இரண்டு மூன்று தடவையாக ஊற்றினால் மொத்தம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். கசந்தால் தூளைக் கொஞ்சம் பெரிதாக அரையுங்கள், சப்பென்றும் புளிப்பாகவும் இருந்தால் பொடியாக. பணம் செலவழிக்க ஒரு இடம்தான் உண்டென்றால் நல்ல கையரைப்பான் வாங்குங்கள். பால், சீனி தாராளமாகச் சேர்க்கலாம், முதல் இரண்டு மிடறை மட்டும் வெறுமனே குடித்துவிட்டு.

நம் ஊர் ஈரத்தில் எப்படி வைத்திருப்பது?

திறந்து வைத்தால் பினாங்குக் காற்று ஒரே வாரத்தில் வேலையைக் காட்டிவிடும். பொட்டலத்திலேயே காற்றை அமுக்கி எடுத்து, ஜிப்பை மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். அன்றாடம் எடுக்கிற காப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் நீர் கோத்துக்கொள்ளும், கருவாட்டு வாசமும் ஏறும். வறுத்து ஒரு வாரம் ஆன பிறகு ஆரம்பித்து ஒன்றரை மாதத்துக்குள் முடித்துவிட்டால் நல்லது.

லேபிளை நம்பலாமா?

வறுத்த தேதியைப் பாருங்கள். "காலாவதி" தேதி மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம். ஒருமுறை நான் வெளியே ஒரு கடையில் "யெர்கசெஃபே" என்று போட்ட பொட்டலம் வாங்கிவந்து திறந்தால், கொட்டைகள் மூன்று அளவில், மூன்று நிறத்தில், சிலது பெரிதாகக் கோணலாக, எத்தியோப்பியாவில் வரவே வராத உருவத்தில் கிடந்தன. கேட்டபோது இறக்குமதியாளர் அப்படித்தான் கொடுத்தார் என்றார்கள். அன்றிலிருந்து நான் எதையும் வாங்கியதும் ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள்.

சரி, முதல் பொட்டலம் எதை வாங்க?

பால் காப்பிப் பிரியர் என்றால் ஜொகூர் லிபெரிக்கா. கருப்பாகக் குடிப்பவர் என்றால் சுமத்ரா காயோ. வெறும் தேநீர் பிடிக்கும் என்றால் நேராக யெர்கசெஃபே, வாஷ்ட். எதுவானாலும் 100 கிராம் போதும். சுடச்சுடக் குடித்துப் பழகியவர்கள் நாம், ஆறின காப்பியைக் கொட்டிவிடுவோம். இதை மட்டும் பாதி குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் அப்படியே மேசையில் விடுங்கள். யெர்கசெஃபேயில் அந்த மல்லிகை வாசம் தெளிவாக எழும்புவது ஆறின பிறகுதான்.